பிறைத் தவணை

மதுரையிலிருந்து வந்த கம்பெனிக்காரர்
மேசை மேல் ஆறு போனை வரிசையாக வைத்தார்.
"விலையை விற்காதீங்க மேடம்,
வித்தியாசத்தை வில்லுங்க."
ஆறையும் கவிழ்த்துப் பார்த்தேன்.
ஒன்றின் முதுகில் மூன்று கண், ஒன்றில் நான்கு.
நான்காவது கண் குருடு என்று
ரிப்பேர் பார்க்கும் எனக்குத் தெரியும்.
அவருக்கும் தெரியும்.
ஒன்றின் நிறத்துக்கு 'நள்ளிரவுக் கடல்' என்று பெயர்.
நள்ளிரவில் கடல் என்ன நிறமென்று
மண்டபத்தில் யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆவணியில் எதிர்வரிசையில் திறந்தார்கள்,
பெரிய கடையின் நாற்பத்தோராவது கிளை.
ஏசி. பலூன்.
கரடி வேஷத்தில் வாசலில் ஒரு பையன்,
அந்த வெயிலில்.
நான் ஐந்நூறு குறைத்தால் அவர்கள் அறுநூறு.
நான் உறை இலவசம் என்றால்
அவர்கள் உறையோடு ஒரு குடம்.
உப்புக்காற்றில் சார்ஜ் துளை பச்சை பூக்கிற ஊர் இது;
ரப்பர் மூடி வெட்டித் துளைக்குப் பொருத்திக் கொடுத்தேன்.
பதினோரு நாள் என் கடையில் நிற்க இடமில்லை.
பன்னிரண்டாம் நாள் அவர்கள் பலகையில்
'கடற்கரை ஸ்பெஷல் மூடி'.

அந்த வாரம்தான் நம்புசெல்வி வந்தாள்,
பாசி எடுக்கிறவள்.
எதிர்க்கடையில் வாங்கிய போனை மேசையில் போட்டு
"என்னையே யாருன்னு கேக்குது" என்றாள்.
பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம்.
துணி சுற்றியும் பாறை தின்றுவிட்ட ரேகைகள்.
கடைசியில் எரிச்சலில்
விரலை மடக்கி ஒரு குட்டுக் குட்டினாள்;
அந்த மொளியையே பதிந்து கொடுத்தேன். திறந்தது.
அன்றிலிருந்து அவள் போனைத் திறப்பது
கதவு தட்டுவது போல இருக்கும்.

"எவ்வளவு?"
"ஒண்ணும் வேணாம்."
"அப்ப நீ எப்படி விளங்குவ?" என்றவள்,
போகும்போது சொன்னாள்:
"அவன் அஞ்சாம் தேதி பணம் எடுக்குறான்.
அஞ்சாம் தேதி தண்ணி கழுத்து மட்டம்,
காசு கடலுக்கு அடியில கெடக்கு.
அதுக்கு அபராதம் வேற."

அன்றிரவு காலண்டரை இறக்கி
அமாவாசை, பௌர்ணமி சுற்றி வட்டம் போட்டேன்.
நீர் வற்றும் நாட்கள், அவள் கையில் காசு வரும் நாட்கள்.
எங்கள் வீட்டிலும் பிறை பார்த்துத்தான் எல்லாம்,
நோன்பு, பெருநாள், கந்தூரி.
கடைக் கணக்கை மட்டும் ஏன்
ஜனவரி பிப்ரவரியில் வைத்திருந்தேன் தெரியவில்லை.

பலகை எழுதினேன்:
ஜெய்னம்பு மொபைல்ஸ். பிறைத் தவணை.
தடைக்காலத்தில் தவணை இல்லை.

எல்லாம் சுபமில்லை.
ஒருத்தி போனோடு தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டாள்,
நாலாயிரத்து இருநூறு.
ஐப்பசியில் மழை கட்டிக்கொண்டது,
இரண்டு பிறை சும்மா போனது,
என் வளையல் ஒரு ஜோடி
சொசைட்டி பெட்டகத்தில் தூங்கியது.

எதிர்க்கடை மேனேஜர் என் பலகையைப்
படம் பிடித்துக்கொண்டு போனார்.
மூடியைப் போல இதற்கும் பன்னிரண்டு நாள் என்று
எண்ணிக்கொண்டிருந்தேன்.
மாதம் ஒன்றாயிற்று.
டீக்கடையில் பார்த்தபோது அவரே சொன்னார்:
"சிஸ்டம் எடுக்கலக்கா.
ஒண்ணுலேருந்து இருபத்தெட்டு வரைக்கும்தான் கட்டம் இருக்கு.
நிலாவுக்கு ஆப்ஷன் இல்ல."

மதுரைக்காரர் மறுபடி வந்தார்.
அதே ஆறு போன், என் கடையில் மட்டும் விற்கிறது, ஏன்?
கேமரா, பேட்டரி, டிசைன்:
அவர் படிவத்தில் காரணத்துக்கு மூன்று கட்டம்.
பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டு
'மற்றவை' என்று எழுதினார்.

கார்த்திகைப் பௌர்ணமி, ஷட்டர் பாதி இறக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே வந்தது கரடி,
தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு,
கழுத்துக்கு மேல் வியர்த்த ஒரு பையன்.
"அம்மா குடுக்கச் சொல்லுச்சு. மேனேஜர்ட்ட சொல்லிராதீங்க."
நோட்டுகள் ஈரம்.
ரோமக் கையுறையைக் கழற்றாமலே எண்ணினான்,
இரண்டு முறை தப்பி,
மூன்றாம் முறை சரியாக.